தண்டர்பேர்ட்ல மெயில் செட் பண்றது எப்படி, மக்கர் பண்ணா எங்க பாக்கணும்

திருப்பூர்ல எங்க சித்தப்பா ஒரு சின்ன பனியன் கம்பெனி வெச்சிருக்காரு, ஆபீஸ்னு பாத்தா ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அவ்ளோதான். ஆனா வர்ற ஆர்டர், லேப் டிப் (சாயம் போட்ட மாதிரி துணி) அப்ரூவல், பேக்கிங் லிஸ்ட், பையர் "இந்த கலர் ஓகே"ன்னு சொன்னது, எல்லாமே மெயில்லதான் கெடக்கு. ஒரு நாள் காலைல ஃபோன் பண்ணி "கண்ணு, சிஸ்டம் ஆன் ஆகவே மாட்டேங்குது, மெயிலெல்லாம் அதுலதானே இருக்கு"ன்னாரு. போய் பாத்தா ஹார்ட் டிஸ்க் போயிருச்சு. எப்படியும் இன்டர்நெட்ல ஒரு காப்பி இருக்கும்னு அவரு தைரியமா இருந்தாரு, நானும் அப்படித்தான் நெனச்சேன், பிரவுசர்ல தொறக்குற வெப்மெயில்ல லாகின் பண்ணி பாத்தா கடைசி 14 நாள் மெயில் மட்டும்தான் இருக்கு. ஆறு வருஷ மெயில் போச்சு. அன்னைலேர்ந்து யாருக்கு மெயில் செட் பண்ணி குடுத்தாலும் நான் முதல்ல கேக்குறது "உங்க மெயில் எங்க இருக்கு?"ங்கறதுதான். அதுக்கு பதில் தெரியாம செட்டிங்ஸ்ல கை வைக்காதீங்க.

எதுக்கு தண்டர்பேர்ட்ங்கற இந்த மெயில் சாஃப்ட்வேர்னு கேட்டா, விண்டோஸ் கூடவே வந்த அந்த சின்ன மெயில் ஆப்பை 2024 டிசம்பரோட மைக்ரோசாஃப்ட் நிறுத்திருச்சு, அதுல இருந்தவங்க நெறைய பேரு இப்ப எங்க போறதுன்னு தெரியாம நிக்கிறாங்க. தண்டர்பேர்ட் 2004ல வந்தது, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் பண்ற மொசில்லா குடும்பம், காசு கெடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும், ஜிமெயில், அவுட்லுக், சொந்த டொமைன் மெயில் (உங்க கம்பெனி பேர்ல முடியுற அட்ரஸ்) எல்லாத்தையும் ஒரே ஜன்னல்ல பாக்கலாம். எல்லாத்துக்கும் மேல அதோட மெயில் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணி பென் டிரைவ்ல எடுத்துட்டு போலாம், எனக்கு அதுதான் பெரிய விஷயம். டவுன்லோட் பண்ணும்போது தண்டர்பேர்டோட சொந்த சைட்ல இருந்து மட்டும் எடுங்க, தேடினா முதல்ல வர்ற விளம்பர லிங்க்கை அமுக்க வேண்டாம்.

ஐமேப்பா (IMAP), பாப்பா (POP)

சர்வர்ல, அதாவது மெயில் கம்பெனியோட கம்ப்யூட்டர்ல, இருந்து மெயில எடுக்க இருக்கிற ரெண்டு வழிதான் ஐமேப், பாப், இத புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. ஐமேப்ல மெயில் சர்வர்லதான் இருக்கும், உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிறது அதோட பிரதி. ஃபோன்ல படிச்சா இங்கயும் படிச்சதா காட்டும், ஃபோன்ல அழிச்சா இங்கயும் போயிரும். பாப்ல அப்படி இல்ல, தபால்காரர்கிட்ட இருந்து கடுதாசிய கைல வாங்கி வீட்டு பீரோல வெக்கிற மாதிரி, மெயில் கம்ப்யூட்டருக்கு வந்துரும், சர்வர்ல இருக்கிறது கொஞ்ச நாள்ல போயிரும். தண்டர்பேர்ட்ல பாப் போட்டா "சர்வர்ல 14 நாள் வரைக்கும் விட்டு வை"ங்கறதுதான் அதுவா வர்ற செட்டிங், சித்தப்பா ஆபீஸ்ல நடந்தது இதேதான், யாரும் எதையும் தப்பா மாத்தல, செட் பண்ணவங்க அந்த இடத்த பாக்கவே இல்ல.

அதனால ஐமேப் எடுங்க. ஹோஸ்டிங்ல (உங்க டொமைன் மெயில வெச்சு நடத்துற கம்பெனில) குடுத்த இடம் ரொம்ப கம்மி, ஒரு ஜிபிதான்ங்கற மாதிரி இருந்தா மட்டும் பாப் யோசிக்கலாம், அப்பவும் வாரத்துக்கு ஒருக்கா பேக்கப் எடுப்பேன்னு உறுதியா இருந்தா மட்டும்.

அக்கவுண்ட் சேக்குறது

தண்டர்பேர்டை முதல் தடவ தொறந்ததும் பேர், மெயில் அட்ரஸ், பாஸ்வேர்டு கேக்கும். பேர்னு போடுறதுதான் எதிர்ல இருக்கிறவங்களுக்கு தெரியும், அதனால அங்க "ஆபீஸ்"னோ "அட்மின்"னோ போடாம ஒழுங்கா கம்பெனி பேரோ உங்க பேரோ போடுங்க. கன்டினியூ அமுக்குனா அதுவே தேடி சர்வர் பேர், போர்ட் (சர்வர்ல நுழையுற வாசல் நம்பர்) எல்லாம் கண்டுபிடிச்சிரும். ஜிமெயில்னா கூகுளோட லாகின் பக்கம் தனி ஜன்னலா தொறக்கும், அங்க பாஸ்வேர்டு போட்டு அனுமதி குடுத்தா முடிஞ்சுது. அந்த ஜன்னல் வெள்ளையா நின்னாலோ, திரும்ப திரும்ப லாகினே கேட்டாலோ தண்டர்பேர்டோட பிரைவசி செட்டிங்ஸ்ல குக்கீஸ் (லாகின ஞாபகம் வெச்சுக்குற சின்ன ஃபைல்) அனுமதி ஆஃப் ஆகியிருக்கான்னு பாருங்க, குக்கீ இல்லாம கூகுள் உள்ள விடாது.

சொந்த டொமைன் மெயில்லதான் கொஞ்சம் கையால போட வேண்டியிருக்கும். மேனுவல் கான்ஃபிக்ங்கறத அமுக்கி இன்கமிங்ல ஐமேப், போர்ட் 993, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் (SSL/TLS, யாரும் நடுவுல படிக்க முடியாம கனெக்ஷன பூட்டுற முறை). அவுட்கோயிங்ல எஸ்எம்டிபி (SMTP, மெயில் அனுப்புற வழி), போர்ட் 465ன்னா எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587ன்னா ஸ்டார்ட்டிஎல்எஸ் (STARTTLS). இந்த ஜோடிய மாத்தி போட்டாதான் பாதி பேருக்கு "கனெக்ட் ஆகல"ன்னு வருது, 587 போட்டு எஸ்எஸ்எல் தேர்ந்தெடுத்தா கொஞ்ச நேரம் சுத்திட்டு நின்னுரும். 25ன்னு யாராவது பழைய நோட்ட பாத்து சொன்னா விட்டுருங்க, ஸ்பேம் போறத தடுக்க நெறைய பிராட்பேண்ட் கம்பெனிங்க அந்த போர்ட்டை அடைச்சு வெச்சிருக்காங்க. யூசர்நேம்ங்கற இடத்துல அட் குறிக்கு முன்னாடி இருக்கிறத மட்டும் போடாதீங்க, பெரும்பாலான ஹோஸ்டிங்ல முழு மெயில் அட்ரஸும் வேணும். தண்டர்பேர்ட் அதுவா நிரப்புறது சில சமயம் பாதி பேராத்தான் இருக்கும், அத ஒரு தடவ கண்ணால பாத்துட்டு அமுக்குங்க.

ஜோஹோ மெயில் வெச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை: ஃப்ரீ பிளான்ல ஐமேப் வராது, காசு கட்டுற பிளான்லயும் வெப்மெயில் செட்டிங்ஸ்ல போய் ஐமேப்ப ஆன் பண்ணணும். இது தெரியாம பாஸ்வேர்டு தப்புன்னு நெனச்சு மாத்திக்கிட்டே இருப்பாங்க.

புது வெர்ஷன்ல, அதாவது 2023 ஜூலைல வந்த 115க்கு அப்புறம், மெனு பாரே காணோம்னு சொல்றவங்க ஆல்ட் கீய ஒரு தடவ தட்டுங்க, மேல வந்துரும். இல்லேன்னா மூணு கோடு போட்ட பட்டன் இருக்கும், எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு.

பாஸ்வேர்டு சரிதான், ஆனா கேட்டுக்கிட்டே இருக்கு

ரொம்ப நாளா ஓடிட்டிருந்த ஜிமெயில் திடீர்னு பாஸ்வேர்டு கேக்க ஆரம்பிச்சா நீங்க மறக்கல, ஹேக்கும் ஆகல. 2022 மே 30லேர்ந்து கூகுள் வெறும் பாஸ்வேர்டு மட்டும் போட்டு உள்ள வர்றத நிறுத்த ஆரம்பிச்சிருச்சு, மைக்ரோசாஃப்ட்டும் அவுட்லுக் டாட் காம் மாதிரி தனிநபர் மெயிலுக்கு 2024 செப்டம்பர் 16லேர்ந்து அதையேதான் பண்ணுச்சு. அதுக்கு முன்னாடி செட் பண்ண அக்கவுண்ட்ல ஆதென்டிகேஷன்ங்கற இடத்துல "நார்மல் பாஸ்வேர்டு"ன்னு இருக்கும். அக்கவுண்ட் செட்டிங்ஸ், சர்வர் செட்டிங்ஸ் போய் அத ஓஆத்2ன்னு (OAuth2, அந்த கம்பெனியோட லாகின் பக்கம் வழியா உள்ள விடுற முறை) மாத்துங்க. இத்தோட விட்டுறாதீங்க, இங்கதான் எல்லாரும் நிப்பாட்டிட்டு "மெயில் வருது, அனுப்ப மாட்டேங்குது"ன்னு திரும்ப வருவாங்க. அதே பக்கத்துல இடது பக்கம் கடைசியா அவுட்கோயிங் சர்வர்னு ஒண்ணு தனியா இருக்கும், அதுலயும் எடிட் அமுக்கி ஓஆத்2 போடணும். அப்புறம் செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்ல போய் பழசா அந்த அக்கவுண்டுக்கு இருக்கிறத அழிச்சிட்டு தண்டர்பேர்டை மூடி தொறங்க. லாகின் ஜன்னல் வரும், போடுங்க, அவ்ளோதான்.

ஓஆத் இல்லாத ரொம்ப பழைய சாஃப்ட்வேர்தான் வேணும்னு அடம்பிடிச்சா டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆன் பண்ணி கூகுள் அக்கவுண்ட்ல ஆப் பாஸ்வேர்டுன்னு 16 எழுத்து ஒண்ணு எடுக்கலாம். எடுத்தத பேப்பர்ல எழுதி மானிட்டர்ல ஒட்டாதீங்க, அது இருந்தா உங்க ஃபோனுக்கு ஓடிபி கூட வராம உள்ள போயிரலாம்.

வருது, போக மாட்டேங்குது

மெயில் வர்றதும் போறதும் ரெண்டு வேற சர்வர், ரெண்டு வேற வழி, ஒண்ணு வேலை செய்றதால இன்னொண்ணும் சரியா இருக்கும்னு இல்ல. "ரிலே" அப்டின்னு ஒரு வார்த்தை எர்ரர்ல வந்தா அவுட்கோயிங் சர்வர்ல ஆதென்டிகேஷன் "நோ"ன்னு கெடக்குன்னு பெரும்பாலும் அர்த்தம், டொமைன் மெயில்னா அத நார்மல் பாஸ்வேர்டுன்னு, ஜிமெயில், அவுட்லுக்னா ஓஆத்2ன்னு மாத்தி முழு அட்ரஸை யூசர்நேமா போடுங்க. ரெண்டு மூணு அக்கவுண்ட் இருந்தா இன்னொரு விஷயமும் நடக்கும், ஒரு அக்கவுண்டோட மெயில் இன்னொரு அக்கவுண்டோட எஸ்எம்டிபி வழியா போகப் பாக்கும், சர்வர் "இது உன் அட்ரஸ் இல்லயே"ன்னு திருப்பி அனுப்பிரும். ஒவ்வொரு அக்கவுண்ட் பேரையும் அமுக்குனா கீழ அவுட்கோயிங் சர்வர்னு ஒரு லிஸ்ட் இருக்கும், சரியானது தேர்வாயிருக்கான்னு பாருங்க.

அட்டாச்மென்ட் பெருசா இருந்தாலும் நிக்கும். ஜிமெயில்ல 25 எம்பி வரைக்கும்னு சொல்றாங்களே, என் ஃபைல் 20 எம்பிதானேன்னு கேப்பாங்க. மெயில்ல ஃபைல் போகும்போது மூணு பைட்டை நாலு எழுத்தா மாத்திதான் அனுப்பும், அதனால 20 எம்பி ஃபைல் கிட்டத்தட்ட 27 எம்பியா ஆயிரும். 18 எம்பிக்கு மேலன்னா டிரைவ் லிங்க் போடுறதுதான் நல்லது.

சர்டிஃபிகேட் எர்ரர்

சித்தப்பா ஆபீஸ்ல இன்னொரு பழைய சிஸ்டம், டெய்லி காலைல ஆன் பண்ணா சர்டிஃபிகேட் (இது நெஜமான சர்வர்தான்னு காட்டுற அடையாள அட்டை) சரியில்லன்னு சொல்லும், ஜிமெயில், டொமைன் மெயில் ரெண்டும் வராது. அங்க வேலை செய்ற பொண்ணு எக்செப்ஷன் (பரவால்ல உள்ள விடுன்னு சொல்ற பட்டன்) அமுக்கி அமுக்கி பாத்திருக்கு, நெட்டுக்காரர கூப்பிட்டு ரவுட்டர மாத்தியாச்சு, அப்பவும் அப்படியேதான். நான் போய் உக்காந்ததும் கண்ணுல பட்டது கீழ வலது மூலைல இருந்த தேதி. 2009 ஜனவரி 1. மதர்போர்டுல ஒரு ரூபா காசு மாதிரி சிஆர்2032 பேட்டரி ஒண்ணு இருக்கும், அது செத்துப்போனா சிஸ்டம் ஆஃப் ஆகும்போதெல்லாம் கடிகாரம் பழைய தேதிக்கு போயிரும். சர்டிஃபிகேட்டுக்கு இந்த தேதிலேர்ந்து இந்த தேதி வரைக்கும் செல்லும்னு கணக்கு இருக்கு, கம்ப்யூட்டர் 2009ல இருந்தா இன்னைக்கு சர்டிஃபிகேட் அதுக்கு இன்னும் பொறக்கவே இல்ல. பக்கத்து வாட்ச் கடைல பேட்டரி வாங்கி போட்டு தேதிய சரி பண்ணோம், ரெண்டு அக்கவுண்டும் அந்த நிமிஷமே வந்துருச்சு. அதனால சர்டிஃபிகேட்னு எர்ரர் வந்தா முதல்ல தேதியும் வருஷமும் பாருங்க.

தேதி சரின்னா, டொமைன் மெயில்ல அடிக்கடி வர்றது பேர் பொருந்தலங்கறது. நீங்க உங்க டொமைன் பேருக்கு முன்னாடி மெயில்னு சேத்து சர்வர் பேரா போட்டிருப்பீங்க, சர்டிஃபிகேட் ஹோஸ்டிங் கம்பெனியோட சர்வர் பேர்ல இருக்கும். எக்செப்ஷன் குடுத்து தாண்டாதீங்க, பழக்கமாயிருச்சுன்னா நாளைக்கு நெஜமாவே யாராவது நடுவுல உக்காந்து பாஸ்வேர்ட திருடுனாலும் அதே மாதிரி ஓகே அமுக்கிருவீங்க. ஹோஸ்டிங்காரங்ககிட்ட சரியான சர்வர் பேர் கேட்டு வாங்கி போடுங்க. சில ஆன்டிவைரஸ் மெயில் ஸ்கேன்னு நடுவுல புகுந்து தன்னோட சர்டிஃபிகேட்ட குடுக்கும், அந்த மெயில் ஸ்கேன் ஒண்ண மட்டும் ஆஃப் பண்ணி பாக்கலாம்.

மெயில் காணோம், ஃபோல்டர் காலியா இருக்கு

பதறாதீங்க, எதையும் அழிக்காதீங்க, முதல்ல பிரவுசர்ல வெப்மெயில் தொறந்து அங்க இருக்கான்னு பாருங்க. அங்க இருந்தா பயமே இல்ல, தண்டர்பேர்டோட கணக்குப் புத்தகம்தான் குழம்பியிருக்கு. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் மெயில் இருக்கிற ஃபைல் ஒண்ணு, எம்எஸ்எஃப்னு (.msf) முடியுற இன்டெக்ஸ் ஃபைல் ஒண்ணுன்னு ரெண்டு இருக்கும். இன்டெக்ஸ் கெட்டுப்போனா மெயில் இருந்தும் காட்டாது, தலைப்பு ஒண்ணு உள்ள வேற மெயில்னு காட்டும். ஃபோல்டர் மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ரிப்பேர் ஃபோல்டர். ஐமேப்ல இது சர்வர்ல இருந்து திரும்ப இறக்கும், அதனால நெட் நல்லா இருக்கும்போது, நேரம் இருக்கும்போது பண்ணுங்க. தேடினா மட்டும் வரலேன்னா அது வேற, புரொஃபைல் ஃபோல்டர்ல (தண்டர்பேர்ட் எல்லாத்தயும் வெக்கிற இடம், எப்படி தொறக்கறதுன்னு கீழ பேக்கப்ல இருக்கு) குளோபல் மெசேஜஸ் டிபின்னு (global-messages-db.sqlite) ஒரு ஃபைல் இருக்கும், தண்டர்பேர்டை மூடிட்டு அத மட்டும் அழிச்சா மறுபடி தொறக்கும்போது புதுசா கட்டிக்கும், மெயில் எதுவும் போகாது.

பாப் வெச்சிருக்கவங்க இங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், ஏன்னா இருக்கிறது அந்த ஒரு ஃபைல்தான். இன்பாக்ஸ்ங்கறது ஆயிரக்கணக்கான மெயில் ஒண்ணா சேந்த ஒரே பெரிய ஃபைல், அதுக்குள்ள ஏதோ ஒரு வைரஸ் அட்டாச்மென்ட் இருக்குன்னு ஆன்டிவைரஸ் அந்த முழு ஃபைலயும் தூக்கி குவாரன்டைன்ல (சந்தேகப்பட்டத பூட்டி வெக்கிற இடத்துல) போட்டுரும், இன்பாக்ஸ் மொத்தமா காலி. குவாரன்டைன்ல போய் ரீஸ்டோர் குடுத்தா திரும்ப வரும். அப்புறம் ஆன்டிவைரஸ்ல தண்டர்பேர்ட் புரொஃபைல் ஃபோல்டர எக்ஸ்க்ளூஷன்ல (ஸ்கேன் பண்ணாம விடுற லிஸ்ட்ல) சேத்துருங்க.

அழிச்ச மெயில் உடனே இடத்த விடாதுங்கறதும் தெரிஞ்சுக்கோங்க, ஃபைலுக்குள்ள "இது அழிஞ்சது"ன்னு ஒரு குறிதான் போடும், காம்பேக்ட் பண்ணாதான் டிஸ்க்ல இடம் வரும். காம்பேக்ட் புது ஃபைல் எழுதித்தான் பழச மாத்தும், டிஸ்க் நெறைஞ்சு வழியுற நேரத்துல அத ஆரம்பிக்காதீங்க.

ஜிமெயில்ல ஒரே மெயில் ரெண்டு ரெண்டா தேடல்ல வந்தா அது ஆல் மெயில்ங்கற ஃபோல்டரால, எல்லா மெயிலும் அதுலயும் தெரியும். அக்கவுண்ட் மேல ரைட் கிளிக் பண்ணி சப்ஸ்கிரைப்ல போய் அத எடுத்துரலாம், ஆனா நீங்க ஆர்க்கைவ் பண்ற பழக்கம் உள்ளவங்கன்னா எடுக்க வேண்டாம், ஆர்க்கைவ் பண்ண மெயில் அங்க மட்டும்தான் இருக்கும்.

தமிழ் எழுத்து கலைஞ்சு வந்தா

தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் யூனிகோட்ல, அதாவது யூடிஎஃப்-8ல, குறைஞ்சது மூணு பைட்டு. அனுப்புன சாஃப்ட்வேர் இது யூடிஎஃப்-8ன்னு சொல்லாம விட்டா அந்த ஒவ்வொரு பைட்டையும் ஒரு தனி எழுத்தா காட்டி, கோடும் புள்ளியும் வெச்ச ஐரோப்பிய எழுத்தா ஒரு பக்கம் பூரா வரும். வியூ மெனுல ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்னு இருக்கு, பெரும்பாலும் அதுலயே சரியாயிரும். வெறும் இங்கிலீஷ் எழுத்தா அர்த்தமில்லாம வந்தா அது பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சது, என்கோடிங் மாத்தி பிரயோஜனமில்ல, யூனிகோட் கன்வெர்ட்டர்லதான் போடணும்.

தமிழ்ல மெயில் எழுதுறவங்க இத கண்டிப்பா பண்ணுங்க: அட்டாச்மென்ட் போட மறந்தா ஞாபகப்படுத்துற வசதி தண்டர்பேர்ட்ல இருக்கு, ஆனா அது அட்டாச்மென்ட் மாதிரி இங்கிலீஷ் வார்த்தைங்களதான் தேடும். செட்டிங்ஸ்ல கம்போசிஷன், மிஸ்ஸிங் அட்டாச்மென்ட், கீவேர்ட்ஸ்ல போய் இணைப்பு, இணைப்பில், இணைத்துள்ளேன்னு நீங்க வழக்கமா எழுதுற ஒவ்வொரு வடிவத்தயும் தனித்தனியா சேத்து வெச்சிருங்க.

பேக்கப்

ஹெல்ப் மெனு, டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன், அதுல புரொஃபைல் ஃபோல்டர்னு ஒரு வரி, பக்கத்துல ஓப்பன் ஃபோல்டர். தொறந்ததும் அந்த இடத்த பாத்து வெச்சுக்கிட்டு தண்டர்பேர்டை முழுசா மூடுங்க, ஓடிட்டிருக்கும்போது காப்பி பண்ணா பாதி ஃபைல் அரைகுறையா வரும். மூடுனதுக்கப்புறம் அந்த முழு ஃபோல்டரயும் எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி. டூல்ஸ்ல எக்ஸ்போர்ட்னும் ஒண்ணு இருக்கு, ஆனா அது ஜிப் போடுறது 2 ஜிபி வரைக்கும்தான், ஆபீஸ் மெயில் அதுக்கு மேலதான் இருக்கும். பேக்கப்ல பாஸ்வேர்டும் கூடவே வரும், அதனால பிரைமரி பாஸ்வேர்டு (சேவ் ஆன மத்த பாஸ்வேர்டயெல்லாம் பூட்டுறது) ஒண்ணு போட்டு வெச்சிருங்க, டிஸ்க்க கண்ட எடத்துல வெக்காதீங்க. புரொஃபைல அப்படியே ஒன்டிரைவ்ல தூக்கி வெச்சு அங்கேர்ந்து ஓட்டவும் வேண்டாம், தண்டர்பேர்டும் ஒன்டிரைவும் ஒரே ஃபைல ஒரே நேரத்துல எழுதப் போய் கெட்டுப்போகும்.

இப்ப பாப்ல இருக்கவங்க ஐமேப்புக்கு வரணும்னா மாத்துற பட்டன் எதுவும் கெடையாது. மேல சொன்ன மாதிரி பேக்கப் எடுத்துட்டு, அதே அட்ரஸை ஐமேப்ல ரெண்டாவது அக்கவுண்டா சேருங்க. சர்வர்ல இடம் இருக்கான்னு பாத்துட்டு பழைய பாப் ஃபோல்டர்ல இருந்து ஐமேப் ஃபோல்டருக்கு ஒரு தடவைக்கு இருநூறு முன்னூறு மெயிலா காப்பி பண்ணுங்க, மூவ் வேண்டாம், நடுவுல நெட் போனா அல்லாடணும். ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு பண்ணா எது முடிஞ்சுது எது பாக்கின்னு குழப்பம் வராது. எல்லாம் முடிஞ்சதும் வெப்மெயில்ல போய் ரெண்டு பக்கமும் எண்ணிக்கை ஒண்ணா இருக்கான்னு பாத்து, பழைய மெயில் நாலஞ்ச அட்டாச்மென்ட்டோட தொறந்து பாத்துட்டு, அதுக்கப்புறம்தான் பாப் அக்கவுண்ட எடுக்கணும். சித்தப்பாவோட இன்னொரு சிஸ்டத்துல அக்கவுண்டன்ட் அக்கவுண்ட் ஒண்ணு பாப்ல இருந்துச்சு, 11,000 மெயிலுக்கு மேல, ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து இப்படித்தான் மாத்துனோம். இப்ப அவரு ஃபோன்லயும் அந்த மெயில் தெரியுது.